ஆணுக்கு முதுசம், பெண்ணுக்குச் சீதனம், எக்ஸ் ஆருக்கு?

ஓ.எல். வரைக்கும் விஞ்ஞானம் படிச்ச எல்லாருக்கும் 'பிறப்புரிமையியல்' எண்ட சொல் தெரியும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதை 'மரபியல்' எண்டு எழுதுவினம். எங்கட புத்தகங்களில் பிறப்புரிமையியல். தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு ஒரு இயல்பு வாறதுக்குப் பேர் 'தலைமுறையுரிமை'. இரண்டு சொல்லையும் உடைச்சுப் பாருங்கோ. இரண்டுக்குள்ளயும் 'உரிமை' இருக்கு. காணி, வீடு, உறுதி, நொத்தாரிசு எண்டு போற பேச்சில் வாற அதே உரிமைதான். இது தமிழ் மட்டும் செய்த வேலை இல்லை. ஆங்கிலத்தில் சொல்லுற 'இன்ஹெரிட்டன்ஸ்' எண்ட சொல்லும் முதலில் சொத்துக்குத்தான் இருந்தது. மூக்கும் முழியும் தோலின் நிறமும் பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் வந்து குடியேறினது.

நான் கலைப்பீடத்துப் பிள்ளை. நிறமூர்த்தம் பற்றி எழுத எனக்கு என்ன அருகதை எண்டு நீங்கள் கேக்கலாம். ஆனால் இந்தச் சொல் விசயம் சரித்திரக்காரருக்கு உரியது. உடம்பு வழி வாறதைச் சொத்து வழி வாறது மாதிரியே மனுசர் வாசிச்சு வந்திருக்கினம். அப்பாவின் பொருள் மகனுக்கு எண்டால் அப்பாவின் காதும் மகனுக்குத்தானே எண்ட நினைப்பு. அந்த நினைப்பு விஞ்ஞானத்துக்குள்ளும் புகுந்தது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நடந்தது தென்னிந்தியாவில். அதைச் சொல்லுறதுக்கு முதல் எங்கட ஊர்ச் சட்டத்தில் இருந்து தொடங்குவம்.

1707: எழுத்தில் வந்த வழமை

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலம். இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த கொர்னெலிஸ் யோவான் சிமோன்ஸ், யாழ்ப்பாணத்து மக்களின் வழமைகளைத் தொகுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த வேலையைச் செய்தவர் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். நீண்ட காலம் இங்க இருந்து பழகின ஆள். அவர் எழுதினது தமிழாக்கப்பட்டு, 12 முதலிமாரிட்டக் காட்டிச் சரிபார்த்து, 1707இல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் தேசவழமைச் சட்டம். பிறகு வந்த ஆங்கிலேயரும் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதை உறுதிப்படுத்தினார்கள். 300 வருசத்துக்கு மேலாகியும் அதின் சில பகுதிகள் இண்டைக்கும் எங்கட காணிகளை ஆளுது.

அதில் சொத்து மூண்டு வகை. புருசன் தன் குடும்பத்தில் இருந்து கொண்டு வாறது முதுசம். பெண்சாதி கொண்டு வாறது சீதனம். இரண்டு பேரும் சேர்ந்து வாழேக்க சம்பாதிக்கிறது தேடியதேட்டம். பழைய வழமைப்படி தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேடியதேட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம்.

ஒரு நிமிசம் இந்த வடிவத்தைக் கவனியுங்கோ. ஆணிட்ட இருந்து ஆணுக்கு ஒரு கோடு. பெண்ணிட்ட இருந்து பெண்ணுக்கு இன்னொரு கோடு. நடுவில் பொதுவான ஒரு பங்கு. இவ்வளவு நேர்த்தியான ஒழுங்கைப் பார்க்கேக்க இது இயற்கையே போட்ட விதி எண்டு தோன்றும். ஆனால் 1707இல் எழுதின அந்தத் தொகுப்பே அப்படிச் சொல்லவில்லை. முந்தி இப்பிடி இருந்தது, ஆட்சிகள் மாற மாற, குறிப்பாய்ப் போர்த்துக்கேயர் காலத்தில், இது மாறிப்போச்சு எண்டு அதிலேயே இருக்கு. மகளுக்குச் சீதனம் குடுக்கேக்க தாயின் சீதனத்தில் இருந்து மட்டும் எடுக்காமல் தகப்பனின் முதுசத்தில் இருந்தும் தேடியதேட்டத்தில் இருந்தும் கலந்து குடுக்கத் தொடங்கிவிட்டினம். எழுத்தில் ஏறேக்கயே பழைய கோடுகள் கலைஞ்சு போயிருந்தது. மனுசர் போட்ட கோட்டை மனுசர் தேவைக்கு ஏற்ப அழிச்சார்கள். அவ்வளவுதான்.

உடம்பின் தேசவழமை

இப்ப உடம்புக்கு வருவம். மனுசக் கலத்தில் 23 சோடி நிறமூர்த்தங்கள். அதில் 22 சோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. இவற்றைத் தேடியதேட்டம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தாயிட்ட இருந்து பாதி, தகப்பனிட்ட இருந்து பாதி, மகனோ மகளோ வித்தியாசம் இல்லை. மிச்சம் உள்ள ஒரு சோடிதான் சிக்கல். பெண்ணிட்ட இரண்டு எக்ஸ். ஆணிட்ட ஒரு எக்ஸ், ஒரு வை.

வை நிறமூர்த்தம் அசல் முதுசம். தகப்பனிட்ட இருந்து மகனுக்கு, மகனிட்ட இருந்து பேரனுக்கு. பெண்பிள்ளைக்கு அதில் ஒரு துண்டும் இல்லை. சீதனம் மாதிரியும் ஒண்டு இருக்கு. கலத்துக்குள் சக்தி தயாரிக்கிற இழைமணிக்கெண்டு தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. அது தாயிட்ட இருந்து எல்லாப் பிள்ளைக்கும் வரும், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்துறது மகள் மட்டும்தான்.

எக்ஸ் நிறமூர்த்தத்துக்குத் தேசவழமையில் பேரே இல்லை. தகப்பன் தன் எக்ஸை மகனுக்குக் குடுக்கவே மாட்டார். மகனுக்குக் குடுக்கிறது வை. அவற்றை எக்ஸ் முழுசாய் மகளுக்குத்தான் போகும். தாய் தன் இரண்டு எக்ஸில் இருந்து ஒண்டை மகனுக்கும் குடுப்பா, மகளுக்கும் குடுப்பா. அதாவது ஒரு ஆணின் எக்ஸ் எப்பவும் அவன்ர தாயிட்ட இருந்து வந்தது. ஆணின் எக்ஸ் அடுத்ததாய்ப் போறது எப்பவும் மகளிட்ட. ஆணில் இருந்து பெண்ணுக்கு, பெண்ணில் இருந்து ஆணுக்கு எண்டு குறுக்கால் குறுக்கால் ஓடுது.

சிவப்பு - பச்சை நிறக்குருட்டை எடுங்கோ. அதுக்கான பரம்பரை அலகுகள் எக்ஸில் இருக்கு. தாத்தாவுக்கு நிறக்குருடு எண்டால் அவற்றை எல்லா மகள்மாரும் அந்த எக்ஸை வைச்சிருப்பினம். ஆனால் அவைக்கு இன்னொரு நல்ல எக்ஸ் இருக்கிறதால் பெரும்பாலும் நிறம் ஒழுங்காய்த் தெரியும். அந்த மகளுக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அவனிட்ட மறைக்கிறதுக்கு வேற எக்ஸ் இல்லை. தாத்தாவின் பொருள் மகன் வழியாய் இல்லாமல் மகள் வழியாய்ப் பேரனிட்ட வந்து சேருது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கு நிறக்குருடு, பெண்களில் 200க்கு ஒருவருக்குத்தான். பெண்ணுக்கு அது வர வேணும் எண்டால் இரண்டு எக்ஸும் பழுதாய் இருக்க வேணும். அதுதான் இந்த வித்தியாசம்.

கண்டுபிடிச்சது ஆர்?

இதைப் பேர் வைக்காமலே கண்டுகொண்டவை உண்டு. யூதர்களின் தல்மூத்தில் நாலு சகோதரிகளின் கதை வருது. மூத்தவளின் ஆண்குழந்தை விருத்தசேதனம் செய்யேக்க இறந்துபோச்சு. இரண்டாமவளின் குழந்தையும், மூண்டாமவளின் குழந்தையும் அப்படியே. நாலாமவள் வந்து கேக்கேக்க, உன் பிள்ளைக்குச் செய்யாதே எண்டு தீர்ப்பு. குருதி உறையாத நோய், ஈமோபீலியா, எண்டு நாங்கள் இப்ப சொல்லுறதுதான் அது எண்டு பலர் கருதுகினம். பிள்ளையளின் தகப்பன்மார் வேற வேற ஆக்கள். பொதுவாய் இருந்தது தாய்மாரின் உறவு. அதை அவை கவனிச்சிருக்கினம். தகப்பன் வழியையே பெரிசாய்ப் பார்த்த ஒரு சமூகம், ஒரு பிள்ளையின் உயிருக்காகத் தாய் வழியைப் பார்த்தது.

1803இல் பிலடெல்பியா வைத்தியர் ஜோன் கொன்ராட் ஒட்டோ, இரத்தம் நிக்காத சில அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். வருத்தம் வாறது ஆண்களுக்கு, கடத்துறது பெண்கள் எண்டு அவர் தெளிவாய்க் குறிச்சார். 1876இல் சுவிற்சர்லாந்துக் கண் வைத்தியர் யொஹான் பிரீட்றிச் ஹோர்னர், நிறக்குருடும் இதே வழியில்தான் போகுது எண்டு வம்சவரிசைகளை வைச்சுக் காட்டினார்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் எங்கட மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர். மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிச்சவர், உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கினவர். 1884இல் அவர் காலமாகும் வரைக்கும் 'குரோமோசோம்' எண்ட சொல் எந்த மொழியிலும் இல்லை. அது 1888இல்தான் வந்தது. வருத்தம் எந்த வழியில் போகுது எண்டு தெரிஞ்ச உலகத்துக்கு, எது அதைக் காவிக்கொண்டு போகுது எண்டு தெரியாது.

பிள்ளை ஆணா பெண்ணா எண்டதை எது தீர்மானிக்குது எண்டும் தெரியாது. 1889இல் பற்றிக் கெடிஸும் ஆர்தர் தொம்சனும் எழுதின பேர்போன புத்தகம், பால் தீர்மானத்தில் போசாக்கு முதலான புறக் காரணங்களுக்குப் பெரிய இடம் குடுத்தது. இந்தக் கெடிஸ் வேற ஆரும் இல்லை, பிறகு நகரத் திட்டமிடல் ஆளாய் மாறி 1921இல் கொழும்புக்கு அறிக்கை எழுதினவர். போசாக்கு எண்டு சொன்னால் அடுத்த கேள்வி எங்க போய் நிக்கும்? தாய் என்ன சாப்பிட்டாள், எப்படி நடந்தாள், என்ன நினைச்சாள் எண்டுதான். பழி அவளின் தட்டில் வந்து விழும்.

அதை முறிச்சது ஒரு பெண். நெற்றி ஸ்டீவன்ஸ், அமெரிக்காவின் பிறின் மோர் கல்லூரியில் ஆய்வு செய்தவர். 1905இல் மாவில் வாழுற ஒரு வண்டின் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினார். பெண் வண்டில் 20 பெரிய நிறமூர்த்தம். ஆண் வண்டில் 19 பெரிசு, ஒண்டு சின்னன். ஆணின் விந்துக்கலங்களில் பாதி அந்தச் சின்னனைக் காவுது, பாதி பெரிசைக் காவுது. சின்னன் போய்ச் சேர்ந்தால் ஆண், பெரிசு போய்ச் சேர்ந்தால் பெண். பால் முடிவாகிறது தகப்பனின் விந்தில். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் வேற பூச்சிகளை வைச்சு இதே முடிவுப் பக்கம் வந்தார். 1910இல் தொமஸ் ஹண்ட் மோர்கன் வெள்ளைக் கண் உள்ள ஒரு ஆண் பழஈயை வைச்சு, ஒரு இயல்பு எக்ஸோடயே பயணிக்குது எண்டு காட்டினார். மோர்கனுக்கு 1933இல் நோபல் பரிசு. ஸ்டீவன்ஸ் 1912இலேயே இறந்துபோனா.

மாமா மகளும் மச்சாள், மாமி மகளும் மச்சாள்

எங்கட உறவுமுறையில் அம்மாவின் சகோதரன் மகளும் மச்சாள், அப்பாவின் சகோதரி மகளும் மச்சாள். சொல்லில் வித்தியாசம் இல்லை. கட்டிக்கொள்ளுற உரிமையிலும் வித்தியாசம் இல்லை. எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு மட்டும் இந்த இரண்டு மச்சாள்மாரும் ஒண்டில்லை.

இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1937இல் யூலியா பெல்லோட சேர்ந்து, நிறக்குருடும் ஈமோபீலியாவும் ஒரே நிறமூர்த்தத்தில் கிட்டக் கிட்ட இருக்கு எண்டு காட்டினவர். 1939இல் பேர்ல் மொஷின்ஸ்கியோட சேர்ந்து ஒண்டுவிட்ட சகோதரக் கலியாணங்களின் கணக்கை எழுதினார். 1957இல் இங்கிலாந்தை விட்டுட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தார். சொந்தத்துக்குள்ள கட்டுற தென்னிந்தியக் குடும்பங்கள் அவருக்குப் பெரிய ஆர்வம். பிறகு புவனேஸ்வர் போய், அங்கேயே 1964இல் காலமானார்.

கணக்கு இப்படி. ஒருத்தன் தன் அம்மாவின் சகோதரன் மகளைக் கட்டுறான். அவனின் எக்ஸ் அம்மாவிட்ட இருந்து வந்தது, அம்மாவின் எக்ஸில் ஒரு பங்கு அம்மம்மாவிட்ட இருந்து வந்தது. பெட்டையின் தகப்பன் அதே அம்மம்மாவின் மகன். அவற்றை எக்ஸும் அம்மம்மாவினது, அதை முழுசாய் மகளுக்குக் குடுத்திட்டார். இரண்டு பக்கமும் ஒரே கிணத்துத் தண்ணி. இவைக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால், எக்ஸில் ஏதாவது ஒரு இடத்தில் அவளின் இரண்டு பிரதியும் அந்த அம்மம்மாவின் ஒரே பிரதியில் இருந்து வந்திருக்க வாய்ப்பு 1/8. மற்ற 22 சோடி நிறமூர்த்தங்களுக்கு அந்த வாய்ப்பு 1/16தான். இனி, ஒருத்தன் தன் அப்பாவின் சகோதரி மகளைக் கட்டுறான் எண்டு வையுங்கோ. அவனுக்கு அப்பாவிட்ட இருந்து எக்ஸே வரவில்லை. ஆனபடியால் அந்த உறவு வழியாக எக்ஸுக்கு வாய்ப்பு 0.

ஒரு சொல், இரண்டு கணக்கு. இதைக் கேட்டிட்டு மாமா மகளைக் கட்டாதேங்கோ எண்டு சொல்ல நான் வரவில்லை. மச்சாள் எண்ட சொல்லைச் செய்தவை வேற ஒரு ஒழுங்குக்காகச் செய்தவை. கலியாணம், காணி, குடும்பங்களுக்கு இடையிலான கடமை எண்டதெல்லாம் அந்த ஒழுங்கு. உடம்புக்கு அந்த ஒழுங்கைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

காது மயிரின் கதை

இப்ப நான் முதலில் சொன்ன அத்தியாயம். வயசு போன சில ஆண்களின் காதின் விளிம்பில் நீளமாய் மயிர் வளரும், கண்டிருப்பீங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இது பரவலாய் இருக்கு. 1907இல் தொம்மாசி எண்ட இத்தாலியர் ஒரு குடும்பத்தில் இது ஆண் வழியாய்ப் போறதை எழுதினார். வை நிறமூர்த்தம் தெரிய வந்த பிறகு இது நல்ல உதாரணமாய்ப் போச்சு. அப்பாவின் காதில் மயிர், மகனின் காதில் மயிர், பெண்களுக்கு இல்லை. அப்ப வையில்தானே இருக்க வேணும்?

அந்தக் காலத்தில் இப்படிப் பல இயல்புகளை வையில் கொண்டுபோய் வைச்சிருந்தினம். அதில் பேர்போனது இங்கிலாந்தின் 'முள்ளம்பன்றி மனுசன்' எட்வர்ட் லம்பேர்ட். 18ஆம் நூற்றாண்டில் தோல் முழுக்க முள்ளு மாதிரித் தடிச்சிருந்த ஆள். அவற்றை வம்சத்தில் ஆறு தலைமுறையாய் எல்லா ஆண்களுக்கும் இது இருந்தது, ஒரு பெண்ணுக்கும் இல்லை எண்டு பாடப்புத்தகங்கள் எழுதிச்சுது. 1958இல் லயனல் பென்றோஸும் கேர்ட் ஸ்ரேர்னும் கோயில் பதிவேடுகளையும் பழைய குறிப்புகளையும் தோண்டிப் பார்த்தால் கதை வேற. அந்தத் தலைமுறைக் கணக்கும் பிழை, 'எல்லா ஆண்களுக்கும்' எண்டதும் பிழை. சனம் சொன்ன கதையை விஞ்ஞானிகள் அப்படியே வாங்கி வைச்சிருந்தினம். இதில் எனக்குப் பெரிய சந்தோசம். ஒரு உயிரியல் பிரச்சினையைத் தீர்த்தது பதிவேடு வாசிக்கிற வேலை, அதாவது எங்கட வேலை.

ஸ்ரேர்ன் 1957இலேயே இப்படி வைக்குள் தள்ளிவிட்ட இயல்புகளை ஒவ்வொண்டாய் எடுத்து ஆராய்ஞ்சு, பெரும்பாலானதைத் தட்டிவிட்டார். தப்பி நிண்டது காது மயிர். அதே நேரத்தில் ஹால்டேனிட்டக் கல்கத்தாவில் படிக்க வந்த ஆந்திராக்காரர் கிருஷ்ண துரோணம்ராஜு இதைக் கையில் எடுத்தார். ஆந்திரக் குடும்பங்களின் வம்சவரிசைகளைச் சேர்த்து 1960இல் எழுதினார். 1962இல் ஹால்டேனும் அவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டினம். காது மயிர் வையில் இருக்கு எண்ட கருத்து உலகம் முழுக்கப் பரவிச்சுது.

சிக்கலும் இருந்தது. மயிர் உள்ள தகப்பனுக்கு மயிர் இல்லாத மகன்மாரும் இருந்தினம். சிலருக்கு 20களில் வருது, சிலருக்கு 50க்குப் பிறகு வருது. இன்னும் வரவில்லையா, வரவே வராதா எண்டு எப்படிச் சொல்லுறது? வம்சவரிசையை மட்டும் வைச்சு இதைத் தீர்க்க ஏலாது.

தீர்ப்பு வந்தது 2004இல். வை நிறமூர்த்தம் தகப்பனிட்ட இருந்து மகனுக்குப் பிரதியாகேக்க எப்பவாவது ஒரு எழுத்து மாறும். அந்த மாற்றம் பிறகு வாற எல்லா ஆண்களிலும் நிலைச்சு நிக்கும். அதை வைச்சு வைகளைக் கிளை கிளையாய்ப் பிரிக்கலாம். காது மயிர் உண்மையில் வையில் தோன்றினது எண்டால், காது மயிர் உள்ள ஆண்கள் ஒண்டு இரண்டு கிளையில் கூடி நிக்க வேணும். இங்கிலாந்து ஆய்வாளர்களும் சென்னையைச் சேர்ந்த தோல் வைத்தியர் அங்கபின் கமலமும் சேர்ந்து தென்னிந்திய ஆண்களில் இதைப் பரிசோதிச்சார்கள். காது மயிர் உள்ளவை பல கிளைகளில் பரவிக் கிடந்தினம், காது மயிர் இல்லாத ஆண்கள் மாதிரியே. வைக்கும் காது மயிருக்கும் தொடர்பு இருக்கிறதாய்த் தெரியவில்லை. ஆனாலும் காது மயிர் வையில்தான் இருக்கு எண்ட பதில் இன்னும் பல பாடக்குறிப்புகளிலும் பல்தேர்வு வினாக்களிலும் உயிரோட இருக்கு.

என்ன பிழை நடந்தது? ஆணில் தெரியிறது வேற, ஆண் வழியாய் வாறது வேற. ஒரு பரம்பரை அலகு எந்த நிறமூர்த்தத்தில் இருந்தாலும், அது வெளியில் தெரிய ஆண் ஓமோன் வேணும் எண்டால் அது ஆணில்தான் தெரியும். அந்த அலகு அம்மாவிட்ட இருந்தும் வந்திருக்கலாம். அம்மாவின் காதில் மட்டும் அது தெரிஞ்சிராது. வழுக்கையும் இதே கதைதான். வழுக்கை விழத் தொடங்கினதும் பெடியள் அப்பாவின் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவினம். பல அலகுகள் சேர்ந்துதான் வழுக்கையைத் தீர்மானிக்குது, ஆனால் அதில் பலமான ஒண்டு, ஆண் ஓமோனைப் பிடிக்கிற ஏற்பிக்கான அலகு, எக்ஸில் இருக்கு. அது பெடியனுக்கு வந்தது அம்மாவிட்ட இருந்து. முதுசம் எண்டு நினைச்சுப் பார்த்தவைக்கு முதுசமாய்த் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

பழி ஆரின் தலையில்?

காது மயிரை ஆர் கடத்தினால் என்ன எண்டு விட்டிடலாம். மற்றதை விட ஏலாது. மூண்டாவதும் பெட்டையா எண்டு ஆஸ்பத்திரி வாசலில் கேக்கிற கேள்வி இண்டைக்கும் தாயைப் பார்த்துத்தான் கேக்கப்படுது. ஸ்டீவன்ஸ் வண்டைப் பார்த்து எண்ணி 100 வருசம் தாண்டிவிட்டது. 1990இல் வையில் ஆண் உடம்பைத் தொடக்கி வைக்கிற அலகையும் கண்டுபிடிச்சாச்சு. தாயிட்ட எக்ஸைத் தவிரக் குடுக்க வேற ஒண்டும் இல்லை. தகப்பனையும் குற்றம் சாட்ட ஏலாது, எந்த விந்துக்கலம் போய்ச் சேரும் எண்டது அவர் கையில் இல்லை. ஆனால் பழி ஒரு பக்கத்துக்கு மட்டும் போறதைத் தற்செயல் எண்டு சொல்ல ஏலாது. பெட்டை எண்டால் சீதனம் எண்ட கணக்கு இருக்கிற ஊரில், கேள்வி பிள்ளையைப் பற்றினது இல்லை, காணியைப் பற்றினது.

ஈமோபீலியா மாதிரி வருத்தத்தில் விஞ்ஞானம் உண்மையாகவே தாயைக் காட்டுது. விக்டோரியா மகாராணியின் எக்ஸில் இருந்த பழுது அவவின் மகன் லியோபோல்டைக் கொண்டுபோனது, மகள்மார் வழியாய் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போய், ரஷ்ய இளவரசன் அலெக்ஸேயிட்ட வந்து நிண்டது. 2009இல் அவன்ர எலும்புகளை வைச்சு அது ஈமோபீலியா பி எண்டு உறுதி செய்தார்கள். ஆனால் காவுறது வேற, குற்றம் செய்யிறது வேற. ஈமோபீலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூண்டில் ஒரு பங்குக்குக் குடும்பத்தில் முந்தி ஆருக்குமே இருந்ததில்லை. புதிசாய் ஒரு எழுத்து மாறினதால் வந்தது. அந்தத் தாய்க்கு 'உன்ர பரம்பரையில்தான் இருந்திருக்கும்' எண்டு சொல்லுறது கொடுமை மட்டும் இல்லை, பெரும்பாலும் பொய்யும்.

ஒரு பெட்டைக்கு ஈமோபீலியா உள்ள தம்பி இருக்கிறான் எண்டால் கலியாணப் பேச்சில் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். சாதகம் திருப்பி வரும், காரணம் சொல்ல மாட்டினம். தாய் காவி எண்டால் மகளும் காவியாய் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒண்டு. இல்லாமல் இருக்கவும் இரண்டில் ஒண்டு. பரிசோதிச்சுத் தெரிஞ்சுகொள்ள இப்ப வழி இருக்கு. காவி எண்டாலும் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிதான், வந்தாலும் சிகிச்சை இருக்கு. இதே கணக்கை ஆண் பக்கம் ஆரும் போடுறதில்லை. ஈமோபீலியா உள்ள ஒரு ஆணின் மகன்மார் ஒருத்தருக்கும் அது அவரிட்ட இருந்து வராது. மகள்மார் எல்லாரும் காவிகள். மாப்பிள்ளை வீட்டில் இதைக் கேக்கிறவை எத்தினை பேர்?

தேசவழமையும் சும்மா நிக்கவில்லை. 1911இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசச் சட்டம் வந்தது, 1947இல் திருத்தம் வந்தது. 1911 சட்டத்தில் ஒரு பெண் தன்ர சொந்த அசையாச் சொத்தை விக்க வேணும் எண்டால் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும் எண்டு இருக்கு. அவர் மறுத்தால் நீதிமன்றம் போகலாம். பெண்ணுக்குச் சீதனம் எண்டு சட்டம் குடுக்குது, அதின் திறப்பை இன்னொருத்தரிட்ட வைக்குது. இதை மாத்த வேணும் எண்டு பெண்கள் கன காலமாய்க் கேட்டுக்கொண்டிருக்கினம். வழமை எண்டால் வழமைதான் எண்டு பதில் வருது. ஆனால் 1707இல் எழுதினவரே முந்தி இருந்த வழமை மாறிப்போச்சு எண்டுதானே எழுதினார்?

பிறப்புரிமை எண்ட சொல்லை நான் மாத்தச் சொல்லவில்லை, அது வடிவான சொல். ஆனால் அதில் இரண்டு விசயம் கலந்து கிடக்கு எண்டதை மறக்கக்கூடாது. எக்ஸ் எப்படிப் போகும் எண்டதை எங்களால் மாத்த ஏலாது. அதைச் சரியாய் விளங்கிக்கொள்ள மட்டும்தான் ஏலும். காணி எப்படிப் போகும், பழி ஆரிட்டப் போகும் எண்டதை நாங்கள்தான் எழுதினனாங்கள். அதை நாங்களே திருத்தியும் எழுதலாம்.